தலைப்பில் ‘வாட்ஸ்’, உள்ளே திறந்த அறுவை: நுரையீரல் ஹெர்னியாவுக்கு 32800ஆ, 32999ஆ?

செங்காந்தள்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் குழுவின் சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளுக்கு, காப்பீட்டு பில்லுக்கான குறியீடு போடுகிறேன். மார்பு அறுவைப் பிரிவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதாமல், கேள்விக்கு வேண்டியதை மட்டும் தருகிறேன்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஆண். நெடுங்காலமாக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்து வருபவர். ஒருமுறை கடுமையாக இருமியபோது இடப்பக்க விலாவில் ஏதோ அறுந்தது போன்ற வலி. அதன்பின் இருமும்போதெல்லாம் அந்த இடம் புடைத்தெழுகிறது. சி.டி. ஸ்கேனில் 8ஆம், 9ஆம் விலாக்களுக்கு நடுவே நுரையீரல் வெளியே பிதுங்கி நிற்பது தெரிகிறது. அறுவைக் குறிப்பின் தலைப்பு: ‘இடது வாட்ஸ், நுரையீரல் ஹெர்னியா சீரமைப்பு, மெஷ் பொருத்துதல்’. வாட்ஸ் என்றால் சிறு துளை வழியாகக் கேமரா நுழைத்துச் செய்யும் மார்பு அறுவை; மெஷ் என்பது ஓட்டையை வலுப்படுத்தும் வலை.

மருத்துவரின் வேலைக்கான குறியீட்டு நூலான சிபிடியில் 32800 மட்டுமே நுரையீரல் ஹெர்னியாவுக்கென்று இருக்கிறது. ஆனால் அது திறந்த அறுவைக் குறியீடுகளோடு இருக்கிறது. தோரகோஸ்கோப் (மார்புக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) வழி செய்ததற்கு அதைப் போடலாமா? மெஷ்ஷுக்குத் தனிக் குறியீடு உண்டா? முன்பு யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

32999, அதாவது நுரையீரல் பகுதியில் பட்டியலிடப்படாத சிகிச்சைக்கான குறியீடு. சந்தேகமே வேண்டாம். தோரகோஸ்கோப் வழிச் சிகிச்சைகளுக்கு 32650 முதல் தனி வரிசை இருக்கிறது. அதில் நுரையீரல் ஹெர்னியா கிடையாது. திறந்த அறுவையின் குறியீட்டை ஸ்கோப் வழிச் செய்ததற்குப் போடக் கூடாது. சிபிடி நூலின் முன்னுரையே இதைச் சொல்கிறது: செய்த வேலைக்கு ஏறத்தாழப் பொருந்துகிற குறியீட்டை எடுக்காதே, சரியானது இல்லையென்றால் பட்டியலிடப்படாத சிகிச்சைக்கான குறியீட்டைப் போடு என்று.

பொன்னி:

நான் புதியவள், தவறென்றால் திருத்துங்கள். ஹெர்னியா என்பதால் 49591 வரிசையைப் பார்க்கலாமா? அதில் மெஷ்ஷும் அடங்கிவிடுகிறது. இல்லையென்றால் 39541, உதரவிதான ஹெர்னியா?

நெல்லைச்சீமை:

பொன்னி, கேட்டது நல்லது. இந்தக் குழப்பத்தோடு வரும் சார்ட்டுகளை ஆடிட்டில் அடிக்கடி பார்க்கிறேன்.

49591 முதல் 49618 வரை உள்ளவை 2023இல் வந்தவை. வயிற்றின் முன்சுவரில் வரும் ஹெர்னியாக்களுக்கு மட்டுமே உரியவை. ஓட்டையின் மொத்த நீளத்தை அளந்து போடுபவை. 39540உம் 39541உம் காயத்தால் உதரவிதானம் கிழிந்து, வயிற்று உறுப்புகள் மார்புக்குள் ஏறும் நிலைக்கானவை. இங்கே நடந்தது வேறு. நுரையீரல் தன் ப்ளூரா உறையோடு சேர்ந்து விலா இடைவெளி வழியாக வெளியே வருகிறது. விலா இடைத் தசைகள் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருப்பதில்லை. மார்பெலும்புக்கு அருகே வெளித்தசையும் முதுகெலும்புக்கு அருகே உள்தசையும் இல்லாமற்போவதால் அந்த இடங்கள் வலுவற்றவை. இருமல் கடுமையாக இருந்தால் பக்கவாட்டிலும் தசை கிழியலாம்.

செங்காந்தள், வைகைக்கரை சொன்ன விதி சரியானது. ஆனால் அது இந்த சார்ட்டுக்குப் பொருந்துமா என்பதைத் தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது. தலைப்பைப் பெரும்பாலும் அறுவைக்கு முன்பே, திட்டத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். குறிப்பின் உடலை எடுங்கள். மூன்று விஷயம் வேண்டும்: நுரையீரலை உள்ளே தள்ளியது எந்த வழியாக? மெஷ்ஷைத் தைத்தது எந்தப் பக்கத்திலிருந்து? ஸ்கோப்பை வைத்து என்ன செய்தார்கள்?

செங்காந்தள்:

அண்ணா, குறிப்பின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

நோயாளியை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஒற்றை நுரையீரல் சுவாசத்தில் வைத்தார்கள். ஒரு துளை போட்டு ஸ்கோப்பை நுழைத்தார்கள். ஓட்டையின் விளிம்பில் நுரையீரல் ஒட்டியிருந்தது. இரண்டாவது துளை வழியாக அந்த ஒட்டுகளை விடுவித்தார்கள். பிறகு ‘புடைப்பின் மேல் நேராகக் கீறினோம், தசைகளைப் பிரித்து ஹெர்னியாப் பையைத் திறந்தோம், நுரையீரலை உள்ளே தள்ளினோம்’ என்று வருகிறது. 8ஆம், 9ஆம் விலாக்களைச் சுற்றிக் கெட்டி நூலால் கட்டி நெருக்கியிருக்கிறார்கள். அதன்மேல் பாலிப்ரொப்பிலீன் மெஷ்ஷை வெளிப்புறமிருந்து பரப்பித் தைத்தார்கள். ஸ்கோப்பால் உள்ளிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, துளை வழியாக மார்புக் குழாய் வைத்து முடித்தார்கள்.

9ஆம் விலாவில் ‘முறிவு தெரிந்தது’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குத் தனியாக என்ன செய்தார்கள் என்பது இல்லை.

நெல்லைச்சீமை:

இப்போது விடை தெளிவு. 32800.

சீரமைப்பு என்ற வேலை நடந்த இடத்தைப் பாருங்கள். புடைப்பின் மேல் கீறல், பையைத் திறந்தது, நுரையீரலைத் தள்ளியது, விலாக்களைக் கட்டியது, மெஷ் தைத்தது என ஐந்தும் வெளியிலிருந்து, திறந்த கீறல் வழியாக நடந்திருக்கின்றன. ஸ்கோப் உதவிக்கு வந்தது, அவ்வளவுதான். 32999 போட்டால், குறியீடு இருக்கும் வேலைக்குக் குறியீடு இல்லை என்று சொன்னதாகிவிடும். அதுவும் அதே விதியை மீறுவதுதான்.

மெஷ்: தனியாக எதுவும் இல்லை. 49568 வயிற்று ஹெர்னியாவுக்கான மெஷ் குறியீடாக இருந்தது, 2023இல் நீக்கிவிட்டார்கள். 0437டி வயிற்றுச் சுவரின் வலுவூட்டலுக்கு மட்டுமே. 15777இல் உடற்பகுதி என்ற சொல் வருவதால் சிலர் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது உயிர்த்திசுவிலிருந்து செய்த பொருளுக்கானது. பாலிப்ரொப்பிலீன் செயற்கைப் பொருள். ஆகவே மெஷ் வேலை 32800க்குள் அடங்கியது.

மார்புக் குழாய், 32551: சேராது. மார்பைத் திறக்கும் அறுவையின் இறுதியில் வைக்கும் குழாய் அந்த அறுவையின் பகுதி என்று என்சிசிஐ கொள்கைக் கையேடு சொல்கிறது. எந்தக் குறியீட்டை எதனோடு சேர்த்துப் போடலாம் என்று சொல்லும் விதிகள் இவை; அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் 1996 முதல் பின்பற்றுகிறது. தனியார் காப்பீடுகள் பலவும் இவற்றையே எடுத்துக்கொள்கின்றன. அறுவை மருத்துவரே விலா இடை நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தாலும் மெடிகேரில் தனிக் கட்டணம் கிடையாது.

விலாவைக் கட்டியதற்கு 21811 போட வேண்டாம். அது முறிந்த விலாவை உள் பொருத்தம் வைத்துச் சரிசெய்வதற்கு. ஒன்று முதல் மூன்று விலா வரை 21811, நான்கு முதல் ஆறு வரை 21812, ஏழும் அதற்கு மேலும் 21813. விலாக்களைச் சுற்றி நூல் கட்டி இடைவெளியை நெருக்குவது ஹெர்னியாவின் ஓட்டையை மூடும் வேலை. தட்டும் திருகும் வைத்திருந்தால் பேச்சு வேறு. அந்த முறிவு வரியைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் க்வெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்புங்கள்.

வைகைக்கரை:

உடலைப் படித்தபின் 32800 என்பதை ஏற்கிறேன். ஆனால் ஸ்கோப் வேலையை முழுதாகத் தள்ளிவிடலாமா? ஒட்டுகளை விடுவித்தது சிறிய வேலையல்ல. நோயறியும் ஸ்கோப் பரிசோதனைக்கான 32601, இல்லையென்றால் 32800க்கு மாடிஃபையர் 22 (கூடுதல் வேலை என்று காட்டும் பின்னொட்டு எண்)?

இன்னொன்று: ஸ்கோப்பில் தொடங்கித் திறந்த அறுவையாக மாறினால் இசட்53.32 போட வேண்டும் அல்லவா?

நெல்லைச்சீமை:

மூன்றும் கேட்கவேண்டிய கேள்விகள். வரிசையாக வருகிறேன்.

32601: நோயறியும் ஸ்கோப் பரிசோதனையில் கண்டதை வைத்தே ‘திறந்து அறுக்க வேண்டும்’ என்று முடிவெடுத்திருந்தால், அதைத் தனியாகக் காட்ட என்சிசிஐ இடம் தருகிறது, மாடிஃபையர் 58ஓடு. ஆனால் இந்த நோயாளிக்கு ஹெர்னியா இருப்பது சி.டி.யிலேயே தெரியும், அறுவை செய்யும் முடிவும் அப்போதே எடுத்தாயிற்று. உள்ளே போய் இடத்தைப் பார்த்தது அறுவைக்கு வழிபார்த்தது மட்டுமே. அதற்குத் தனிக் குறியீடு இல்லை.

மாடிஃபையர் 22: வழக்கத்தைவிட வேலை கணிசமாகக் கூடியது என்பதையும், ஏன் கூடியது என்பதையும் மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். நேரம் எவ்வளவு நீண்டது, ஒட்டு எவ்வளவு அடர்த்தி, எந்த அபாயம் எதிர்பட்டது என்பன வேண்டும். ‘ஒட்டுகளை விடுவித்தோம்’ என்ற ஒரு வரியை வைத்து 22 போட்டால் காப்பீட்டு நிறுவனம் குறிப்பைக் கேட்கும். பார்த்தபின் வழக்கமான தொகையையே தரும், அதுவும் தாமதமாக.

இசட்53.32: ஸ்கோப் வழியாகச் சீரமைக்க முயன்று, முடியாமல் திறந்த அறுவைக்கு மாறினால்தான். இங்கே மருத்துவர் ‘மாறினோம்’ என்று எங்கும் எழுதவில்லை. கீறல் திட்டத்தின் பகுதியாகவே வருகிறது. அப்படி மாறியிருந்தாலும் அறுவைக் குறியீடு 32800 ஒன்றே. தோல்வியடைந்த ஸ்கோப் முயற்சிக்குத் தனியாகப் பணம் கேட்க முடியாது.

ஹூஸ்டன்வாசி:

நான் இங்கே ஒரு மார்பு அறுவை மருத்துவமனையில் பில்லிங் பகுதியில் வேலை செய்கிறேன். அறுவைக் குறியீட்டைப் பற்றி நெல்லைச்சீமை சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்களுக்கு வரும் டினையல்கள் (காப்பீட்டு மறுப்புகள்) பெரும்பாலும் நோய்க் குறியீட்டுப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அதையும் பேச வேண்டும்.

நோய்க் குறியீட்டு நூலான ஐசிடி-10-சிஎம்மின் அகரவரிசையில் ஹெர்னியா, நுரையீரல் என்று தேடினால் ஜே98.4க்குப் போகும். பிறவியிலேயே இருந்தால் க்யூ33.8. ஜே98.4இன் பெயரைப் பாருங்கள்: நுரையீரலின் பிற கோளாறுகள். நுரையீரலில் சுண்ணாம்பு படிவது, பிற்காலத்தில் வரும் நீர்க்கட்டி, குறிப்பிடப்படாத நுரையீரல் நோய் எல்லாம் அதே குறியீட்டில்தான் விழுகின்றன. ஆகவே காப்பீட்டு நிறுவனத்தின் கணினிக்கு ‘ஏதோ நுரையீரல் கோளாறு, மார்புச் சுவரைச் சரிசெய்திருக்கிறார்கள்’ என்றுதான் தெரிகிறது. ஹெர்னியா என்ற செய்தியே அங்கே இல்லை.

எனவே துணை நோய்களை விடாதீர்கள். அடைப்பு நோய்க்கு ஜே44.9, அந்த நேரத்தில் தீவிரமடைந்திருப்பதாக மருத்துவர் எழுதியிருந்தால் ஜே44.1. நெடுங்கால ஸ்டீராய்டுக்கு இசட்79.52. தசை ஏன் கிழிந்தது, தையல் மட்டும் போதாமல் மெஷ் ஏன் வேண்டியிருந்தது என்பதை இவை சொல்லிவிடுகின்றன. மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி எடுத்த சி.டி. படத்தின் அறிக்கை இருந்தால் அதைக் கையில் வைத்திருங்கள். சாதாரணமாக மூச்சுவிடும்போது எடுத்த படத்தில் சில ஹெர்னியாக்கள் தெரியாமலே போகும். மதிப்பாய்வு மருத்துவர் அந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘தேவையில்லை’ என்று எழுதிவிடுவார்.

அடுத்தது முன் அனுமதி. மருத்துவர் வாட்ஸ் என்று சொல்லியிருப்பார், அலுவலகம் 32999க்கு அனுமதி வாங்கியிருக்கும், அறுவை 32800ஆக முடிந்திருக்கும். அனுமதியும் பில்லும் ஒத்துப்போகவில்லை என்று முழுத் தொகையும் நிற்கும். அறுவை முடிந்த உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து அனுமதியைத் திருத்தினால் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். நாள் கடந்தால் மேல்முறையீடுதான்.

அந்தத் தொகை நிற்கும்போது நோயாளியின் வீட்டுக்கு என்ன கடிதம் போகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். மூச்சு வாங்க முடியாத மனிதர், மார்பில் தையலோடு தொலைபேசியில் எங்களை அழைத்து ‘இது நான் கட்டவேண்டிய பணமா?’ என்று கேட்கிறார். சென்னையில் ஒரு கோடர் இன்னும் ஒரு பக்கம் படித்திருந்தால் வராத அழைப்பு அது. நாளொன்றுக்கு இத்தனை சார்ட் என்ற இலக்கும் 95 விழுக்காடு துல்லியமும் சேர்ந்து உங்களை நெருக்குகின்றன என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அரிதான அறுவைகளில் மட்டுமாவது குறிப்பின் கடைசி வரி வரை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெல்லைச்சீமை:

ஹூஸ்டன்வாசி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முன்பு மார்பு அறுவை செய்துகொண்டவருக்கு அதே தழும்பில் ஹெர்னியா வந்தால் ஜே95.89ஐ உடனே எடுக்காதீர்கள். அறுவைக்குப் பின் வந்தது வேறு, அறுவையால் வந்தது வேறு. அந்தக் காரணத் தொடர்பை மருத்துவர் எழுதியிருந்தால்தான் சிக்கல் குறியீடு. ஐசிடி வழிகாட்டு நெறிகளில் இது நேராகவே சொல்லப்பட்டிருக்கிறது.

பொன்னி:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. மருத்துவமனையின் உள்நோயாளி பில்லுக்கும் 32800தானா?

கொங்குநாடன்:

இல்லை, பொன்னி. சிபிடி மருத்துவரின் பில்லுக்கு. உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கு மருத்துவமனை ஐசிடி-10-பிசிஎஸ் போடும். கோவையில் நான் செய்யும் வேலை அதுதான். இந்த சார்ட்டையே எடுத்துக் கட்டிக்காட்டுகிறேன்.

ஏழு எழுத்துகள். முதலில் 0: மருத்துவ, அறுவைப் பிரிவு. இரண்டாவது டபிள்யூ: உடலின் பொதுப் பகுதிகள். மூன்றாவது யூ: வலுவூட்டல். மெஷ் வைக்காமல் தைத்து மட்டும் மூடியிருந்தால் இங்கே க்யூ, சீரமைப்பு என்று வரும். நான்காவது 8: மார்புச் சுவர். ஐந்தாவது 0: திறந்த வழி. ஆறாவது ஜே: செயற்கைப் பொருள். ஏழாவது இசட்: கூடுதல் விவரம் இல்லை. சேர்த்தால் 0டபிள்யூயூ80ஜேஇசட்.

முழுவதும் ஸ்கோப் வழியாகவே மெஷ் வைத்திருந்தால் ஐந்தாவது இடத்தில் 4. பிசிஎஸ்ஸில் ‘குறியீடு இல்லை’ என்ற நிலையே வராது. நுரையீரலை உள்ளே தள்ளியதற்குத் தனியாக இடமாற்றக் குறியீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சீரமைப்பின் பகுதி, வேண்டாம்.

மலைக்கோட்டை:

மயக்கவியல் பில் பார்ப்பவள் என்ற முறையில் ஒரு வரி. ஒற்றை நுரையீரல் சுவாசம் என்று மயக்க மருத்துவரின் பதிவிலும் இருந்தால் 00541, கட்டணம் கணக்கிடும் அடிப்படை அலகு 15. இல்லையென்றால் 00540, அலகு 12. அறுவைக் குறிப்பில் மட்டும் இருப்பது போதாது, மயக்கப் பதிவைத் திறந்து பாருங்கள்.

செங்காந்தள்:

மிக்க நன்றி. முறிவு பற்றிய க்வெரியை எப்படி எழுதுவது என்பதில் தயக்கமாக இருக்கிறது. ‘9ஆம் விலாவின் முறிவுக்கு உள் பொருத்தம் செய்தீர்களா?’ என்று கேட்கலாமா?

நெல்லைச்சீமை:

அப்படிக் கேட்டால் அதிகப் பணம் வரும் விடையை நீங்களே அவர் வாயில் வைத்ததாகிவிடும். விடையை நோக்கித் தள்ளும் க்வெரி கூடாது என்பது அஹிமா, ஆக்டிஸ் என்ற இரு தொழில்முறை அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலின் அடிப்படை. குறிப்பில் உள்ளதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். பிறகு திறந்த கேள்வி. இப்படி: ‘9ஆம் விலாவில் முறிவு தெரிந்ததாகக் குறிப்பு சொல்கிறது. அந்த முறிவின் காரணம், தன்மை, அதற்கு அளித்த சிகிச்சை ஏதேனும் இருப்பின் அதையும் தெளிவுபடுத்தவும்.’ விருப்பங்கள் தருவதானால் ‘சிகிச்சை அளிக்கவில்லை’, ‘மருத்துவரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை’ இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

காரணத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், இருமலில் முறிந்த விலாவுக்கு விபத்துக் காயக் குறியீட்டைப் போட்டுவிட்டால் காப்பீட்டு நிறுவனம் ‘விபத்து எங்கே நடந்தது, வேறு யார் பொறுப்பு’ என்று நோயாளிக்குப் படிவம் அனுப்பும். நெடுங்கால ஸ்டீராய்டு எடுப்பவரின் எலும்பு வலுவிழந்து முறிந்ததா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வைகைக்கரை:

இழையைத் தேடி வருகிறவர்களுக்காக, உண்மையாகவே முழுதும் ஸ்கோப் வழி நடந்தால் 32999ஐ எப்படி அனுப்புவது என்பதையும் எழுதிவைக்கிறேன். என் வேலையில் அது அடிக்கடி வருகிறது.

மெடிகேரில் 32999க்கு நிலையான தொகை கிடையாது. வட்டார ஒப்பந்த நிறுவனம் குறிப்பைப் படித்துத் தொகை தீர்மானிக்கும். ஆகவே பில்லில் வெறும் எண் போனால் திரும்பிவரும். காகிதப் படிவத்தில் 19ஆம் கட்டத்தில், மின்வழியில் எஸ்வி101-7 என்ற புலத்தில், ‘தோரகோஸ்கோப் வழி நுரையீரல் ஹெர்னியா சீரமைப்பு, மெஷ்ஷுடன்’ என்று சுருக்கமாக எழுதுங்கள்.

முகப்புக் கடிதத்தை மருத்துவர் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும். முதல் பத்தியில் நோயாளிக்கு என்ன தொல்லை, ஏன் அறுவை. அடுத்து, இந்த வேலைக்குச் சிபிடியில் குறியீடு இல்லை என்ற அறிவிப்பு. பிறகுதான் முக்கியமான பகுதி: ஒப்பீட்டுக் குறியீடாக 32800ஐ நிறுத்தி, எது ஒன்று, எது வேறு என்று சொல்வது. ஓட்டையும் மெஷ்ஷும் அறுவைக்குப் பிந்தைய கவனிப்பும் ஒன்று. வழி வேறு, கருவி வேறு, ஒற்றை நுரையீரல் சுவாசம் கூடுதல். கேட்கும் தொகை 32800இன் தொகையோடு எப்படி நிற்கிறது என்பதற்கும் காரணம் எழுதுங்கள். ஒப்பீடு இல்லாத கடிதத்தைப் படிப்பவர் தனக்குத் தெரிந்த ஏதோவொரு சிறிய குறியீட்டோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

32800க்கு 90 நாள் குளோபல் காலம் உண்டு; அந்நாட்களின் வழக்கமான கவனிப்பு அறுவைத் தொகையிலேயே அடங்கும். அறுவைக்கு முந்தைய நாளோ அன்றோ பார்த்து அப்போதுதான் முடிவெடுத்திருந்தால் அந்தச் சந்திப்புக்கு மாடிஃபையர் 57. மெஷ்ஷின் கீழ் நீர் சேர்ந்து மீண்டும் அறுவை அறைக்குப் போனால் மாடிஃபையர் 78. அது புதிய 90 நாளைத் தொடங்காது.

செங்காந்தள்:

மருத்துவரின் பதில் வந்துவிட்டது. முறிவு பழையது, ஆறிக்கொண்டிருந்தது, அதற்குத் தனிச் சிகிச்சை எதுவும் இல்லை. இரு விலாக்களையும் கட்டியது ஓட்டையை மூடுவதற்காக மட்டுமே என்று குறிப்பில் சேர்த்திருக்கிறார். காரணம் கடும் இருமல் என்றும் எழுதியிருக்கிறார்; அதற்குரிய நோய்க் குறியீட்டை ஆடிட்டரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அறுவைக்கு 32800 மட்டும். நோய்க்கு முதலில் ஜே98.4, பிறகு ஜே44.9, இசட்79.52. முன் அனுமதியைப் பார்க்கச் சொன்னது நல்லதாயிற்று. அது 32999க்குத்தான் வாங்கப்பட்டிருந்தது. திருத்தக் கோரிக்கை இன்று போயிருக்கிறது. அது திரும்பி வரும்வரை பில்லை நிறுத்திவைத்திருக்கிறோம்.